பாடக்குறிப்பை நானே எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். பயிற்சிக்கு வந்திருக்கும் பி.எட். மாணவி ஒருவருக்கு வழிகாட்டி ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த வாரம் அவருடைய கல்லூரிப் பேராசிரியர் வகுப்பைப் பார்வையிட வருகிறார். ஏழாம் வகுப்பு, தொலைவும் இடப்பெயர்ச்சியும். அந்தப் பெண் மிகவும் பயந்துபோயிருக்கிறார். பாடக்குறிப்பை நானே எழுதிக் கொடுத்து, பிள்ளைகளுக்கும் ஒருமுறை முன்னதாகவே நடத்திவிடலாமா?
- வாசகி, சென்னை-11

பதில்: இரண்டும் வேண்டாம். முன்பே நடத்திய பாடம் என்றால், கேள்வி முடிவதற்குள் பாதி வகுப்பு கை தூக்கிவிடும்; பேராசிரியருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அதைவிட, உங்கள் குறிப்பை ஒப்பிக்கும் பெண், ஒரு பையன் எதிர்பாராத பதிலைச் சொன்ன கணத்தில் திகைத்து நின்றுவிடுவார். இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்கச் சொல்வதே, அந்தக் கணங்களைச் சந்திக்கத்தான்.

குறிப்பை அவரே எழுதட்டும். இரண்டு நாள் முன்னதாக, பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். பதிவேடு, சார்ட் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பேச வேண்டியது பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதைப் பற்றி.

'பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரயில் நிலையத்துக்குப் போய், திரும்பப் பள்ளிக்கே வந்தால் இடப்பெயர்ச்சி எவ்வளவு?' என்று அவர் கேட்கப்போகிறார் என்று வையுங்கள். பலரும் 'இரண்டு கிலோமீட்டர்' என்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் விடை சுழியம். அப்போது என்ன செய்யப்போகிறார்? 'தவறு, அடுத்து யார்?' என்று நகர்ந்தால் பாடம் அங்கேயே நழுவிவிடும். 'எப்படிக் கணக்கிட்டாய்?' என்று கேட்கலாம். அதே பையனை மேசையிலிருந்து பின்சுவர் வரை நடந்து திரும்பி வரச் சொல்லி, 'புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறாய்?' என்று கேட்கலாம். அவன் நடந்த இரண்டு கிலோமீட்டரும் பொய்யில்லை, அது தொலைவு. அவனுடைய பதிலிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. இந்த வழிகளை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அவர் வாயிலிருந்தே வரும்வரை பொறுத்திருங்கள்.

இன்னொன்று, பயத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்ட வேகத்தில் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து 1970களில் எழுதினார்: ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் காத்திருப்பது சுமார் ஒரு விநாடிதான், அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மனத்துக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். அந்த மௌனம் அவருக்கு ஒரு யுகமாகத் தோன்றும். அதனால் முதலில் ஆசிரியர் அறையில் உங்களிடமே கேட்டுப் பழகட்டும். ஒத்திகை வேண்டுமென்றால் இதே பாடத்தை முந்தின நாள் வேறொரு பிரிவில் நடத்தட்டும். பிள்ளைகளை ஏமாற்றாத ஒத்திகை அது.

பேச்சு முடியும்போது, 'நான் எதைக் கவனிக்கட்டும்?' என்று அவரையே கேளுங்கள். ஒன்றே ஒன்று போதும். கடைசி பெஞ்சுக்குக் கேள்வி போகிறதா என்பது அவர் கவலையானால், இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, பதில் சொன்ன பிள்ளையின் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அவர் தடுமாறினாலும் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். கவனிக்கப்போவது இன்னதுதான் என்று முன்பே தெரிந்துவிட்டால், பயத்தில் பெரும்பகுதி அப்போதே இறங்கிவிடும்.

பேராசிரியர் தம் கருத்துகளைச் சொல்லிவிட்டுக் கிளம்பியதும் உங்களுக்கு ஒரு பாடவேளை ஓய்வாக இருக்கும்படி தலைமை ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த வரைபடத்தை மாணவியிடம் கொடுத்து, முதலில் அவரைப் பேச விடுங்கள்.