விழுந்த பிறகு எழுந்து நன்றாகப் பேசினாரே, அப்புறம் எப்படி நினைவு போனது?

கேள்வி இது: பைக்கில் இருந்து விழுந்த நண்பர் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், பிறகு மயங்கிவிட்டார், எபிடூரல் ரத்தக்கட்டு என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். பேசிக்கொண்டிருந்தவருக்கு இது எப்படி வரும்? ஆபரேஷன் இல்லாமல் முடியாதா?

சேலத்தில் மூளை அறுவை சிகிச்சை வார்டில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம். இந்தக் கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது.

ஒரு ஜனவரி மாதக் கடைசி, மிளகு பறிப்பு நேரம். எங்கள் பக்கம் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். மூங்கில் ஏணி போட்டு ஏறித்தான் பறிக்க வேண்டும். மாமா (அத்தை வீட்டுக்காரர், அப்போது 46 வயது) ஏணி வழுக்கி விழுந்தார். வலது நெற்றிப்பொட்டு கல்லில் பட்டது. அரை நிமிடம் அசைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்தார், காபி குடித்தார், "ஏணியை யாருடா சரியா சாத்தல?" என்று அதட்டவும் செய்தார். காயத்தில் காபிப்பொடியை அப்பி ரத்தத்தை நிறுத்தினார்கள்.

தம்பி எனக்கு போன் செய்தான். "அக்கா, பயப்படாத, நல்லாத்தான் பேசறாரு. ரத்தம் வெளிய வந்துடுச்சு, உள்ள ஒண்ணும் கட்டாதுன்னு பெரியவங்க சொல்றாங்க."

இந்த நம்பிக்கையை வார்டில் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். வெளியே வருவது தலைத்தோலின் ரத்தம். உள்ளே கசிவது வேறு குழாய். ஒன்று வெளியேறினால் மற்றது நிற்கும் என்பதில்லை.

நெற்றிப்பொட்டில் மண்டையோடு மிகவும் மெல்லியது. அந்த எலும்பின் உட்புறம் ஒட்டியே மிடில் மெனின்ஜியல் ஆர்ட்டரி என்ற தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விடும்போது அதுவும் கிழிகிறது. மண்டையோட்டுக்கும் டியூரா என்ற மூளையின் வெளியுறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்து, உறையை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே பெருகும். இதுதான் எபிடூரல் ரத்தக்கட்டு. சிலருக்குச் சிரையிலிருந்தும் கசியும், அது மெதுவாகப் பெருகும். முதல் அதிர்ச்சியில் போன நினைவு திரும்பிவிடும், ஆனால் ரத்தம் சேர்ந்துகொண்டேயிருக்கும். மண்டைக்குள் இடம் தீர்ந்த பிறகுதான் மூளை அழுந்தி நினைவு தப்பும். உங்கள் நண்பர் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் இந்த இடைவெளிதான். எல்லாருக்கும் இது வராது. சிலர் விழுந்ததிலிருந்தே மயக்கத்தில் இருப்பார்கள், சிலருக்கு நினைவே தப்பாது.

2009இல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். நன்றாகப் பேசினார், முதலில் வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு தலைவலி. இரண்டு நாளில் இறந்தார். காரணம் இதே எபிடூரல் ரத்தக்கசிவு.

நான் தம்பியிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கறாரா?" "ஆமா, மணி என்னன்னு நாலு தடவை கேட்டுட்டாரு." உடனே இறக்கச் சொன்னேன். கழுத்தைத் திருப்பாமல், தலையைக் கொஞ்சம் உயர்த்தி, எஸ்டேட் ஜீப்பில் கிளம்பினார்கள். (108க்கும் சொல்லியிருக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்திருக்கும். பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் அது உறுத்துகிறது.)

20 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்கும்போது வாந்தி. வளைவில் யாருக்குத்தான் வராது என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அடிவாரம் வந்தபோது குறட்டை. அசதியில் தூங்குகிறார் என்று அத்தை துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறார். அது தூக்கமில்லை. நினைவிழந்தவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடும் சத்தம். தலையில் அடிபட்டவர் புதிதாகக் குறட்டை விட்டால் தட்டி எழுப்புங்கள். எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து அப்படியே கொண்டுவாருங்கள்.

வந்து சேர்ந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண்மணி இடதைவிடப் பெரிதாக இருந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இடது கை அசைவு குறைந்திருந்தது. அடிபட்ட பக்கக் கண்மணி விரிவதும் எதிர்ப்பக்கம் பலவீனமாவதும் மூளை நகர்கிறது என்பதற்கு அடையாளம். நாடி குறைந்து பிரஷர் ஏறினால் இன்னும் மோசம். நினைவை அளக்கும் ஜிசிஎஸ் மதிப்பெண் முழுசாக 15, மாமாவுக்கு 9.

உறுதி செய்வது சிடி ஸ்கேன். எடுக்கச் சில நிமிடம்தான். படத்தில் இரண்டு பக்கமும் குவிந்த லென்ஸ் மாதிரி வெள்ளையாகத் தெரியும். எலும்புகள் இணையும் தையல்களில் டியூரா இறுக்கமாக ஒட்டியிருப்பதால் ரத்தம் அதைத் தாண்டிப் பரவாமல் அங்கேயே குவிகிறது. டியூராவுக்கு அடியில் கசியும் சப்டூரல் என்றால் பிறை மாதிரி படர்ந்திருக்கும், அது வயதானவர்களிடம் அதிகம்.

ஆபரேஷன் கட்டாயமா என்றால், எப்போதும் இல்லை. கட்டி 30 மி.லி.க்குக் குறைவு, தடிமன் 15 மி.மீ.க்குக் குறைவு, மூளையின் நடுக்கோடு நகர்ந்தது 5 மி.மீ.க்குக் குறைவு, நினைவு தெளிவு, கைகால் பலவீனம் இல்லை என்றால் வார்டில் வைத்து மணிக்கு மணி பார்ப்போம், சில மணி நேரத்தில் மறு ஸ்கேன் எடுப்போம். 30 மி.லி. தாண்டினால் ஜிசிஎஸ் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்பதே வழிகாட்டுதல். மானிட்டால் ஊசி அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கும், கட்டியைக் கரைக்காது.

மாமாவுக்கு 50 மி.லி. இருந்தது. தலைமுடியை மழித்தபோது அந்தக் காபிப்பொடி கட்டிதட்டிப்போய் வந்தது, கழுவியெடுக்கவே நேரம் பிடித்தது. எலும்பை ஒரு மூடி போல எடுத்து, உறைந்த ரத்தத்தை அகற்றி, கிழிந்த தமனியைச் சுட்டு அடைத்து, டியூராவை எலும்பின் ஓரத்தில் தைத்து, எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். மறுநாள் கண் விழித்து அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண்மணி இரண்டும் விரிந்து மூச்சு தடுமாறும் நிலையில் வருகிறவர்களை எல்லாம் எங்களால் இப்படி அனுப்ப முடிவதில்லை. ஒரே அளவு கட்டி, ஒரே ஆபரேஷன், வந்து சேர்ந்த நேரம் மட்டும் வேறு.

உங்கள் நண்பருக்கு: வலிப்பு மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது, அதுவரை பைக்கும் வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் எடுக்காமல் பாராசிட்டமால் மட்டும். சில மாதம் தலைவலியும் மறதியும் இருப்பது உண்டு. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பகலில் எழுப்ப முடியாமல் தூங்கினாலோ அன்றே சிடி எடுத்துப் பாருங்கள்.