வாசகர் கேள்வி பதில்: எலும்புக்குள் என்ன இருக்கிறது?

தொடை எலும்பு உள்ளே குழாய்போலக் கூடாக இருக்கிறதாமே. பிறகு எப்படி உடல் எடையைத் தாங்குகிறது?

குழாயாக இருப்பதால்தான் தாங்குகிறது. எலும்பு வளையும்போது இழுவையும் அழுத்தமும் வெளிச்சுவரில்தான் அதிகம். நடுவில் அவை அநேகமாக இல்லை. அங்கே சரக்கைக் கொட்டினால் எடைதான் கூடும். அதனால் கெட்டி எலும்பு சுவரில் இருக்க, நடுக்கூட்டில் பெரியவர்களுக்கு மஞ்சள் மஜ்ஜை, அதாவது பெரும்பாலும் கொழுப்பு, இருக்கிறது.

அந்தச் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய உருளைகள் நெருக்கமாகக் கட்டி வைத்ததுபோலத் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 0.2 மி.மீ. விட்டம். நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் போகிற ஹேவர்ஸ் கால்வாய், அதைச் சுற்றி வெங்காயம்போல அடுக்குகள். ஓர் அடுக்கில் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அடுத்ததில் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். ஒட்டுப்பலகையின் சூட்சுமமும் இதுதான். விரிசல் நேராக ஓட முடியாமல் அடுக்குக்கு அடுக்கு தடுமாறும்.

எலும்பின் முனைகளில் இருப்பது பஞ்செலும்பு. பெயரைக் கேட்டு மெத்தென்று இருக்குமோ என்று நினைக்க வேண்டாம், விரலால் அமுக்கினால் அமுங்காது. மூட்டில் பல பக்கமிருந்தும் விசை வருகிறது. அது வரும் திசைகளை ஒட்டியே இதன் சிறு சட்டங்கள் அமைந்திருக்கின்றன. எலும்புத் தேய்மானம் முதலில் இந்தச் சட்டங்களைத்தான் மெலியவைக்கும். முதுகெலும்பு, இடுப்பு, மணிக்கட்டு ஆகிய இடங்களில் முறிவு அதிகம் வருவது அதனால்தான்.

விலா எலும்பு நீள எலும்புதானே?

இல்லை, தட்டை எலும்பு. பலரும் சறுக்கும் இடம் இது. நீளத்தை அளந்து வகை பிரிப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கிறோம். விரல் எலும்பு சின்னதுதான். ஆனால் தண்டும் இரு முனைகளும் இருப்பதால் அது நீள எலும்பு. மணிக்கட்டில் உள்ளவை குட்டை எலும்புகள், முள்ளெலும்பு ஒழுங்கற்றது. முழங்கால் சில்லு தசைநாணுக்குள்ளேயே உருவாவதால் எள்ளெலும்பு வகை.

வினிகரில் போட்ட கோழி எலும்பு ரப்பர்போல வளையும் என்கிறார்கள். எங்களுக்கு வளையவில்லை, பொடிந்துவிட்டது. ஏன்?

எலும்பை நெடுநேரம் வேகவைத்திருப்பீர்கள். வளைந்து கொடுப்பது கொலாஜன், கெட்டித்தன்மை தருவது கால்சியம் உப்பு. வினிகர் உப்பைக் கரைக்கிறது; ஆனால் கொதிநீர் அதற்கு முன்பே கொலாஜனை ஜெலட்டினாக்கி வெளியே இழுத்துவிட்டது. பிறகு வளைய என்ன மிச்சம்?

வேகாத மெல்லிய கால் எலும்பாக எடுத்து, சதையைச் சுரண்டி, முழுக மூழ்கும்படி வினிகர் ஊற்றுங்கள். அமிலம் தீர்ந்துபோகும் என்பதால் 2 நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், கரியமில வாயு வெளியேற வழி வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் தண்டு வளையும், தடித்த முனைகளுக்கு இன்னும் சில நாள் ஆகும். வேகாத எலும்பைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.