பாஸ் மெலிந்தது சிந்தசைசராலா, கேபிளாலா?

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு கானாக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். டோலக், சட்டி, பறை எல்லாம் இருக்கின்றன. அடியில் ஓடும் பாஸ் மட்டும் இல்லை. நண்பரின் கார்க் வோல்கா பாஸ் சிந்தசைசரை வாங்கிவந்து மேடையில் வாசித்துப் பார்த்தேன். ஹெட்போனில் நெஞ்சு அதிர்கிறது; மேடை ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம்தான் வருகிறது. போதாக்குறைக்கு ஓர் இரைச்சல் வேறு. அதை உள்ளே திறந்து மாற்றியமைத்தால் சரியாகுமா? வேறு சிறிய அனலாக் சிந்தசைசர் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? கையில் 20,000 ரூபாய் இருக்கிறது.

பதில்: முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். ஹெட்போனில் முழங்குவது மேடையில் மெலிகிறது என்றால் கருவியின் மீது பழி போட முடியாது. ஒலியை எழுப்பும் ஆசிலேட்டரும் அதைச் செதுக்கும் ஃபில்டரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. ஒலி தொலைவது அதற்குப் பிறகுதான். என் சந்தேகம் கேபிளின் மீது.

வோல்காவிலிருந்து ஒலியை மிக்சருக்குக் கொண்டுபோக ஒரே வழிதான்: 3.5 மி.மீ. ஹெட்போன் துளை. கருவியோ மோனோ. ஆகவே இடப்பக்கக் கம்பியிலும் வலப்பக்கக் கம்பியிலும் ஒரே சிக்னல் வருகிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் தம் பையிலிருந்து ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ பின்னும் மறு முனையில் பெரிய ஸ்டீரியோ பின்னும் உள்ள கேபிளை எடுத்து, மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் சொருகியிருப்பார். அந்த இன்புட்டின் வேலை, ஒரு கம்பியில் வருவதிலிருந்து மற்றொன்றில் வருவதைக் கழிப்பது. இரண்டிலும் ஒன்றுபோல் வருவது வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தள்ளிவிடும். உங்கள் பாஸ் முழுவதும் அப்படித்தான் குப்பைக்குப் போகிறது. கழித்ததுபோகக் கசியும் மிச்சம்தான் அந்தக் கொசு.

தீர்வு மலிவானது. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறு முனையில் இரண்டு தனித்தனி 6.35 மி.மீ. மோனோ பின்கள் உள்ள கேபிளை ரிச்சி தெருவில் வாங்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மிக்சரில் சொருகுங்கள்; மற்றதை எதிலும் படாமல் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு 3.5 மி.மீ. மோனோ பின்னை நேராக ஹெட்போன் துளையில் சொருகிவிடாதீர்கள். அது வலப்பக்க வெளியீட்டைப் பொதுக் கம்பியோடு (கிரவுண்ட்) சேர்த்து ஷார்ட் செய்யும்; ஹெட்போன் ஆம்ப் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இனி இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஸில் அடி சட்ஜம் 49 ஹெர்ட்ஸில் விழுகிறது. இரைச்சல் 50, சட்ஜம் 49. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒருமுறை பொங்கித் தணியும் ஓர் அலை எழும். சுருதி சரியில்லை என்று பாடகர் உங்களை முறைப்பார், நீங்கள் டியூனிங் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள், குற்றவாளி அடாப்டர். வோல்காவில் ஆறு ஏஏ பேட்டரிகள் போடலாம். மேடையில் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் நோய் தெரிந்துவிட்டது. அடங்காவிட்டால் மிக்சருக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் உள்ள ஒரு டி.ஐ. பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். ஆனால் இரைச்சலைப் போக்குகிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை யாராவது வெட்ட வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். ஈரத் தரையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், இரும்பு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் உங்கள் பாடகர்.

இவ்வளவும் செய்த பிறகும் வேறு கருவி வேண்டும் என்றால் பேசுவோம்.

பாஸ் சிந்தசைசர் என்றதும் எல்லோரும் ரோலண்ட் டிபி-303 பெயரைத்தான் சொல்வார்கள். 1981-இல் வந்தது, கிதார்காரர் தனியாகப் பழக, பாஸ் வாசிப்பவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ள என்று செய்தார்கள். கிதார்காரர்கள் சீண்டவில்லை, 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் சிகாகோ இளைஞர்கள் பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி நடன இசையில் புகழாக்கினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1982-இல், மும்பையில் இந்திப் பட இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே கருவியை வைத்து ராகங்களை வாசித்துப் பதிவுசெய்துவிட்டார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அதன் ஸ்லைடு நம் காதுக்கு அந்நியமானதே இல்லை.

அசல் 303 இன்று சேகரிப்பாளர்களின் பொருள். அதன் அனலாக் நகலான பெரிங்கர் டிடி-3 உங்கள் பணத்துக்குள் வரக்கூடியது. விலை ஏறி இறங்கும், வாங்கும் நாளில் விசாரியுங்கள். ஆனால் மேடைக்கு அதை வாங்கச் சொல்லமாட்டேன். காரணம் ஒலியல்ல. 303 குடும்பம் முன்கூட்டியே எழுதிவைத்த வரிசையை வாசிப்பதற்கென்றே செய்த இயந்திரம். கானாப் பாடகர் அப்படிப் பாடுவதில்லை. கூட்டம் கைதட்டினால் ஒரு வரியை நான்கு முறை இழுப்பார். நடுவில் யாரையாவது கிண்டல் செய்து இரண்டு அடி சேர்ப்பார். டோலக்காரர் அவர் வாயைப் பார்த்தே வாசிப்பார். இயந்திரம் யார் வாயையும் பார்க்காது.

ஆகவே மேடைக்குக் கைவிரலால் வாசிக்கும் கருவிதான் வேண்டும். 2013-இல் வந்த ஆர்ட்டூரியா மைக்ரோபுரூட் புழங்கியதாக நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 25 சிறிய கட்டைகள், ஒரே ஆசிலேட்டர், ஆனால் அதற்கடியில் ஓர் ஆக்டேவ் இறக்கிச் சேர்க்க ஒரு குமிழ். எல்லாக் குமிழும் கண்முன்னே இருக்கும், ஒளிந்திருக்கும் மெனு கிடையாது. அமைத்த ஒலியைச் சேமித்துவைக்க முடியாது. பாஸ் வாசிப்பவருக்கு அது குறையே அல்ல.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது: நண்பரிடமே வோல்காவை விலை பேசுங்கள். அதில் மூன்று ஆசிலேட்டர்கள் இருக்கின்றன. இரண்டை ஒரே சுருதியில் வைத்து மூன்றாவதை ஓர் ஆக்டேவ் கீழே இறக்கினால் வரும் கனம் அந்த அளவுக் கருவியில் எளிதில் கிடைக்காது. தொடுபலகையில் வாசிப்பது எரிச்சல்தான், ஆனால் அதற்கு மிடி இன்புட் உண்டு; வேறொரு கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற செய்தியை வாங்கும் துளை அது. உங்கள் கீபோர்டின் பின்புறத்தில் ஐந்து முள் வட்ட மிடி அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி மட்டும் உள்ள கீபோர்டை நேராக இணைக்க முடியாது. மிடி அவுட் இருந்தால் வேலை முடிந்தது. 20,000 ரூபாயில் பெரும்பகுதி சட்டைப்பையிலேயே இருக்கும். வீட்டில் பாட்டு பதிவுசெய்வதுதான் முக்கியம் என்றால் மட்டும் டிடி-3. அப்போதும் கடையிலேயே வரிசையை 12 படிகளில் (ஒரு படி என்பது ஒரு ஸ்வரத்துக்கான இடம்) நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நம் தாளத்தில் பாதி மூன்று மூன்றாகத்தான் நடக்கிறது. 16 படிகளை மட்டும் சுற்றும் இயந்திரம் அதில் நொண்டும்.

எதை வாங்கினாலும் டிகே குமிழைச் (ஸ்வரம் எவ்வளவு நேரத்தில் தேய்ந்து அடங்கும் என்பதை அமைப்பது) சுருக்கமாக வையுங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 167 மில்லிநொடி. ஸ்வரம் அதற்குள் அடங்கிவிட வேண்டும். டோலக்கின் இடப்பக்கத் தோலை மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும்போது ‘கூம்’ என்று ஒரு கீழ்க்குரல் எழுமே, அதே இடத்தில் உங்கள் பாஸும் நீண்டு கிடந்தால் இரண்டும் சேற்றில் கலந்த சேறாகிவிடும். ஸ்லைடைப் போட்டால் டோலக்காரர் இழுக்கும் அதே இடத்தில் போடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். ரெசனன்ஸைக் (ஃபில்டர் வெட்டும் இடத்தை எடுப்பாக்கும் குமிழ்) கூட்டக் கூட்ட ஒலி கீச்சிடும், அடிக்கனம் குறையும். 303 வகை ஃபில்டரில் இது நன்றாகவே தெரியும்.

இப்போது உள்ளே திறக்கும் ஆசை. ஆசை இருப்பதில் தவறில்லை. மேடையில் சோறு போடும் கருவியில் அதைக் காட்டக் கூடாது. பழகுவதற்கு ஒரு கார்க் மோனோட்ரான் வாங்குங்கள். 2010-இல் வந்த, கையடக்கமான, இரண்டு சிறிய பேட்டரியில் ஓடும் பொருள். அதன் சர்க்யூட் வரைபடத்தை கார்க் நிறுவனமே வெளியிட்டது. பலகையில் பிட்ச் (சுருதி), கேட் (ஸ்வரம் தொடங்கி நிற்பது), கட்ஆஃப் (ஃபில்டர் வெட்டும் இடம்) என்று பெயர் அச்சிட்ட செம்புப் புள்ளிகள் இருக்கின்றன. மெல்லிய கம்பியை அவற்றில் பற்றவைத்து வெளியே கொண்டுவந்தால் வேறொரு கருவியால் அதை ஆட்டுவிக்கலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஃபிளக்ஸ், கூர்முனை போதும். ஒரு புள்ளியில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் செம்பு பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும், பிறகு வெறும் பச்சைப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள், தவறான வோல்டேஜ் வந்தால் ஓட்டத்தை அது மட்டுப்படுத்தும்.

பலரும் கேட்கும் மாற்றம், வெளி ஒலியை ஃபில்டருக்குள் செலுத்துவது. மோனோட்ரானில் அதற்கான துளை ஏற்கெனவே இருக்கிறது, டிடி-3-யிலும் இருக்கிறது. டோலக் மைக்கை மிக்சர் வழியாக அதில் விட்டுப் பாருங்கள், ஒரு மாலை போவதே தெரியாது.

இன்னொன்று, பாஸைக் கூட்ட வெளியீட்டுக் கெபாசிட்டரை மாற்றச் சொல்வார்கள். அது பயன்படுமா என்பதை அயர்னைச் சூடாக்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், அதற்கு அடுத்த ரெசிஸ்டர் 10 கிலோஓம் என்றால் சுமார் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். அங்கே 1 மைக்ரோஃபாரட் போட்டால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஏற்கெனவே 1 மைக்ரோஃபாரட் இருந்தால் 10 போட்டு ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது 49 ஹெர்ட்ஸ்தானே. ஹெட்போனில் நெஞ்சு அதிர்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் வோல்காவில் இந்த வேலைக்கு இடமே இல்லை.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கருவியை வைத்துப் பழகுகிறீர்கள் என்றால் உப்புக்காற்று குமிழ்களுக்குள் போய்க் கரகரக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கரகரத்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, குமிழை இருபுறமும் பலமுறை திருப்புங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். பேட்டரியை நிகழ்ச்சி முடிந்த இரவே கழற்றிவிடுங்கள்.