புள்ளியா, புள்ளா?

கேள்வி: 2004-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 'பிரின்ஸ்டன்' ராடாரில் பல நாட்கள் தெரிந்த புள்ளிகள், 80,000 அடி உயரத்திலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்தனவாமே? வேற்றுக்கிரகக் கப்பல்கள் என்று இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: புள்ளி! ஆறாத புண்ணைக் கிளறுகிறீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியரை 'பல நூல்களின் ஆசிரியர்' என்று அறிமுகப்படுத்தினோம். அச்சில் மை தெறித்து 'ல'வின் தலையில் விழ, மனிதர் 'பல் நூல்களின் ஆசிரியர்' ஆகிவிட்டார். கடைவாய் வலிக்கு மருந்து கேட்டு அவருக்கு இரண்டு கடிதங்கள். பேராசிரியர் கொதித்தார். எங்கள் மெய்ப்புத் திருத்துநரோ, "பல் என்றாலும் பல என்றுதான் பொருள், பல்கலைக்கழகம் என்பதில்லையா?" என்று இன்றுவரை வாதாடுகிறார். மை தெறித்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ராடாரிலும் மை தெறிக்கும். அனுப்பிய அலை விமானத்தில் பட்டுத் திரும்பினாலும் மழையில் பட்டுத் திரும்பினாலும் திரையில் புள்ளிதான். கடலை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று படிந்தால் அலை வளைந்து, தொடுவானத்துக்கு அப்பால் இருப்பதைக்கூடப் பக்கத்தில் காட்டும்.

1943 ஜூலையில், இரண்டாம் உலகப் போரின்போது, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளருகே அமெரிக்கக் கப்பல்கள் இப்படிச் சில புள்ளிகளைக் கண்டு, ஜப்பானியக் கடற்படை என்று நம்பி, 14 அங்குலக் குண்டுகளை மட்டுமே 518 சுட்டுத் தள்ளின. விடிந்து தேடினால் ஒரு பலகைகூட மிதக்கவில்லை. கூட்டமாகப் பறந்த கடற்பறவைகளாக இருக்கலாம் என்பது பிற்காலக் கணிப்பு. புள் என்றால் பறவை. தமிழில் அது புள்ளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. (மெய்ப்புத் திருத்துநரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், கட்டுரை எழுதிவிடுவார்.)

அங்கே வீணானது குண்டு மட்டும். 1964 ஆகஸ்ட் 4 இரவு வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் 'மேடாக்ஸ்', 'டர்னர் ஜாய்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ராடார் புள்ளிகளை எதிரிப் படகுகள் என்று எண்ணி மணிக்கணக்கில் சுட்டன. வானிலைக் கோளாறாக இருக்கலாம் என்று அங்கிருந்த தளபதியே தந்தியடித்தார். யார் கேட்டார்கள்? மூன்றே நாளில் வியட்நாமில் போர் நடத்த அதிபர் ஜான்சனுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

பிரின்ஸ்டனா? அங்கே விமானிகள் வெள்ளையாக, மாத்திரை வடிவில் ஒன்றைக் கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். அதனால் பறவை என்று தள்ளிவிட மாட்டேன். இத்தகைய 144 சம்பவங்களைப் பற்றி 2021-இல் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை வந்தது. உறுதியாக அடையாளம் கண்டது ஒன்றை மட்டும்: காற்றுப் போன பலூன்.

மிச்சம் 143 பற்றி மெய்ப்புத் திருத்துநரிடம் கேட்டேன். "எல்லாம் மை தெறித்ததுதான்" என்றார். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் பேராசிரியர் இன்னும் நமக்கு எழுதிக்கொண்டிருப்பார்.