பந்தும் வெளிச்சமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பள்ளி மைதானத்தில் மாலை ஆறரை மணிக்குப் பிறகும் மாணவர்கள் கைப்பந்துப் பயிற்சி செய்கிறார்கள். கம்பங்களில் எல்இடி விளக்குகள் உண்டு. ஆனாலும் பந்து சரியாகத் தெரியவில்லை என்பதால், லாரிகளின் பின்புறம் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பந்தில் ஒட்டினோம். ஆட்டத்தில் ஒரு பயனும் இல்லை. ஆனால் வாசலில் திரும்பிய மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பட்டபோது, அதை ஓட்டி வந்தவருக்கு மட்டும் பந்து பளீரென்று தெரிந்ததாம். இது எப்படி?
— உடற்கல்வி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: 'ஓட்டி வந்தவருக்கு மட்டும்' என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஸ்டிக்கர் தானாக ஒளி தருவதில்லை. தன்மேல் விழும் ஒளியை நாலாபுறமும் பரப்புவதும் இல்லை. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ, ஏறக்குறைய அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்பும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மிக நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பரப்பி, அவற்றின் பின்புறம் அலுமினியப் பூச்சு கொடுப்பது ஒன்று; மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து பின்பக்கத்தில் குவிந்து, அங்கிருந்து திரும்பி, வந்த பாதைக்கு இணையாகவே வெளியேறுகிறது. அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் சந்திப்பதைப் போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சந்திக்கும் நுண்பட்டகங்களைப் பிளாஸ்டிக் தகட்டில் வரிசையாக அச்சிடுவது மற்றொன்று. மூன்று முகங்களிலும் மோதிய கதிர் வந்த திசைக்கே திரும்பிவிடும்.

இப்போது கோணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். வாகனம் ஓட்டுபவரின் கண் முன்விளக்குக்கு 60 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகக் கொண்டால், 100 மீட்டர் தொலைவிலுள்ள ஸ்டிக்கரிலிருந்து விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான். திரும்பி வரும் ஒளிக்கற்றை சற்றே விரிந்து வருவதால் அதன் ஒரு பகுதி கண்ணையும் வந்தடைகிறது. சாலைப் பலகைகளுக்கான தாள்களை 0.2, 0.5, 1 டிகிரி போன்ற சிறு கோணங்களில் சோதிப்பதன் காரணமும் இதுவே. சில டிகிரி விலகினாலே வெளிச்சம் பெரிதும் குறைந்துவிடும். உங்கள் மைதானத்தில் விளக்கு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. ஆடுபவரின் கண் ஆளுயரத்தில், அதுவும் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பந்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே பல பத்து டிகிரிகள். ஸ்டிக்கர் தன் வேலையைப் பிழையில்லாமல்தான் செய்கிறது: பெற்ற ஒளியைக் கம்பத்து விளக்குக்கே திருப்பிக் கொடுக்கிறது, அங்கே பார்ப்பதற்கு ஆள் இல்லை. சாதாரண வெள்ளைப் பரப்பு எல்லோருக்கும் பங்கிட்டிருக்கக்கூடிய ஒளியையும் அது ஒரே பக்கமாக அனுப்பிவிடுவதால், ஸ்டிக்கர் ஒட்டிய இடம் ஆடுபவர் கண்ணுக்கு முன்பைவிட மங்கலாகவே தெரியும்.

அதோடு, கைப்பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரையே இருக்க வேண்டும் என்பது விதி. துண்டுகளைச் சமமாக ஒட்டாவிட்டால் பந்து காற்றில் தள்ளாடும். ஸ்டிக்கரின் விளிம்பு மாணவர்களின் முன்கையைக் கீறும். எனவே அவற்றை உரித்துவிட்டு, விளக்கையும் பின்னணியையும் கவனியுங்கள். விளக்குகள் ஆடுகளத்தின் பக்கக் கோடுகளுக்கு வெளியே, இரு புறமும் இருக்கட்டும்; கடைக்கோட்டுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் எதிரணியின் கண் கூசும். பந்து நீலமும் மஞ்சளும் கலந்ததாக இருந்தால் நல்லது: இருண்ட வானத்தின் முன் மஞ்சள் எடுத்துக் காட்டும், இரு நிறமும் மாறி மாறி வருவதால் பந்தின் சுழற்சியும் தெரியும். செம்மண் படிந்த பந்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். இந்த எளிய வேலையைப் பலரும் செய்வதில்லை.

கேள்வி: அப்படியானால் பந்துக்கு வெள்ளி நிறத்தில் கண்ணாடி போன்ற பூச்சு கொடுத்தால் எல்லாப் பக்கமும் ஒளி சிதறாதா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: சிதறும், ஆனால் பார்ப்பவருக்குப் பயன்படாது. பளபளப்பான உருண்டையில் ஒவ்வொருவருக்கும் தெரிவது விளக்கின் ஒரு சிறு பிம்பம் மட்டுமே. மீதிப் பரப்பில் இருண்ட வானமும் புல்தரையும்தான் பிரதிபலிக்கும், ஆகவே பந்து தன் சூழலுக்குள் கரைந்துபோகும். முழுப் பந்தும் முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் பளபளப்பில்லாத வெள்ளையே சிறந்தது.

கேள்வி: டென்னிஸ் பந்தின் மஞ்சள் நிறம் வெயிலில் தானாகவே ஒளிர்வது போல் தோன்றுகிறதே, அதிலும் பிரதிபலிப்புப் பொருள் ஏதேனும் கலந்திருக்கிறார்களா?
— வாசகி, மதுரை

பதில்: இல்லை, அது ஃபுளோரசன்ட் சாயம். கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரையும், கண் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஊதா, நீல ஒளியையும் அந்தச் சாயம் உறிஞ்சி, பச்சை கலந்த மஞ்சளாக மாற்றி வெளிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய இதே நிறத்தைத்தான். பந்தின்மேல் அந்த நிறத்தில் விழுந்த ஒளியைவிட அதிகமான ஒளி அந்த நிறத்தில் வெளியேறுவதால், வெள்ளைத் தாளையும் மிஞ்சிய பிரகாசம் தோன்றுகிறது. இந்த ஒளி எல்லாத் திசைக்கும் போவதால், பார்ப்பவர் எங்கே இருந்தாலும் பலன் உண்டு.

1972 வரை டென்னிஸ் விதிகள் இந்த நிறத்தை ஏற்கவில்லை. வண்ணத் தொலைக்காட்சியில் வெள்ளைப் பந்தைப் பின்தொடர்வது கடினமாக இருந்ததால், அந்த ஆண்டில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் மஞ்சளை அனுமதித்தது. விம்பிள்டன் 1986 இல்தான் மாறியது. மரபு என்று வந்துவிட்டால் அங்கே எதுவும் மெதுவாகத்தான் நடக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சாயத்துக்கு நீலமும் புறஊதாவும் தீனி. பழைய சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியில் அவை மிகக் குறைவு என்பதால் அங்கே பந்து தன் மிகையொளியை இழந்து சாதாரண மஞ்சள் பந்தாகிவிடும். வெள்ளை எல்இடியில் நீலம் இருப்பதால் ஓரளவு ஒளிரும். சாலைப் பணியாளர் அணியும் மேலாடையில் சாயமும் பிரதிபலிப்புப் பட்டையும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைக் காணலாம்: பகலில் தெரிவதற்குப் பச்சை மஞ்சள் துணி, இரவில் வாகன ஓட்டிக்குத் தெரிவதற்கு வெள்ளிப் பட்டை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

கேள்வி: பகலிரவு டெஸ்ட் போட்டிகளில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பதைவிடத் தோலிலோ தையலிலோ ஒளி திருப்பும் நூலைச் சேர்த்துவிட்டால் என்ன?
— உள்ளூர்ப் போட்டிகளின் நடுவர், சென்னை

பதில்: மைதானத்தின் விளக்குக் கோபுரத்துக்கும் மட்டையாளருக்கும் இடையே உள்ள கோணம் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் உள்ளதைப் போலவே பெரியது; எனவே அந்த நூல் விளக்குக் கோபுரத்துக்கு மட்டுமே மின்னும். அதைவிடப் பெரிய தடை, கிரிக்கெட் பந்து தேய்வதற்காகவே செய்யப்பட்டது என்பதுதான். வேறெந்த ஆட்டத்திலும் பந்து பழசாவது ஆட்டத்தின் உயிர்நாடியாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிவப்புப் பந்தின் தோல் சாயம் ஏற்றப்பட்டது. தேய்ந்தாலும் சிவப்பாகவே இருக்கும். ஆனால் அந்தி சாயும்போது கண்ணின் உணர்திறன் நீலப் பச்சைப் பக்கம் நகர்கிறது. சிவப்பு முதலில் கறுத்துப்போகிறது. புர்கின்யே என்ற செக் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய இந்த மாற்றத்தால், மின்னொளியில் சிவப்புப் பந்து பழுப்புத் திட்டாகத் தோன்றும். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பாக்கர் தனியாக நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டில் 1970களின் இறுதியில் வெள்ளைப் பந்து வந்தது. 1992 உலகக் கோப்பையில் அது வண்ண உடைகளோடும் மட்டையாளரின் பார்வைக்குப் பின்னணியாக எல்லைக்கோட்டருகே நிற்கும் கறுப்புத் திரையோடும் (சைட் ஸ்கிரீன்) சேர்ந்து நிலைபெற்றது. ஆனால் வெள்ளை ஒரு மேற்பூச்சு. சில பத்து ஓவர்களில் அழுக்கேறித் தேய்ந்துவிடும். டெஸ்டில் வெள்ளை உடை மாறாது, ஒரே பந்து 80 ஓவர் தாங்க வேண்டும். இந்த இரண்டு கட்டாயங்களுக்கு இடையே கிடைத்த சமரசமே இளஞ்சிவப்பு.

2015 நவம்பர் 27 அன்று அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய முதல் பகலிரவு டெஸ்டில், பந்தின் நிறம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஆடுகளத்தில் வழக்கத்தைவிட அதிகமான புல் விடப்பட்டது. நிறத்தைக் காக்கத் தோலின்மேல் கூடுதல் பூச்சும் உண்டு. தையலும் பின்னர் கறுப்பு நூலுக்கு மாறியது: வெளிச்சத்தைக் கூட்டாமல், எதிர்நிறத்தைக் கொண்டே தையலைக் கண்ணுக்குக் காட்டும் இந்த மாற்றம் இத்தனை முயற்சிகளிலும் மிகச் சிக்கனமானது என்பது என் கருத்து. இந்தியா தன் முதல் பகலிரவு டெஸ்டை 2019 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வங்கதேசத்துக்கு எதிராக ஆடியது.

இந்தப் பூச்சுக்குள் கண்ணாடி மணிகளைச் சேர்த்தால், தரையில் முதலில் மோதும் தையலருகே அவை முதலில் உதிரும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கும் பந்துவீச்சுக் கலையே குலைந்துபோகும். பந்தின் எடைக்கு 155.9 முதல் 163 கிராம் என்ற எல்லையும் இருக்கிறது. நிறம் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: நிறப் பார்வைக் குறைபாடு உள்ள முன்னாள் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் மேத்யூ வேட், இளஞ்சிவப்புப் பந்தைக் காண்பதிலுள்ள சிரமத்தை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அத்தகையவருக்கு நிறத்தைவிட, பந்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடே துணை.

கேள்வி: பந்துவீச்சு முறையைச் சோதிக்கும்போது வீரரின் கையில் சாம்பல் நிறக் குட்டி உருண்டைகளை ஒட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். அவை என்ன?
— பத்தாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பொருள்தான், இங்கே அது சரியான இடத்தில் இருக்கிறது. அந்தச் சோதனைக்கூடத்துக் கேமரா ஒவ்வொன்றின் வில்லையைச் சுற்றிலும் அகச்சிவப்பு விளக்குகள் வளையமாகப் பொருத்தப்பட்டிருக்கும். விளக்கும் பார்க்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால், உருண்டையில் பட்ட ஒளி நேராகக் கேமராவுக்கே திரும்புகிறது. படத்தில் மற்றவை இருண்டுபோக உருண்டைகள் மட்டும் வெண்புள்ளிகளாக நிற்கின்றன. பல கேமராக்களின் புள்ளிகளைச் சேர்த்து, முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதைக் கணினி கணக்கிடும். 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அந்தப் பந்துவீச்சு விதிக்குப் புறம்பானது. 2004 இல் முத்தையா முரளிதரனின் தூஸ்ரா (வழக்கமான சுழலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) பெர்த் நகரிலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறே ஆராயப்பட்டது. சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும் இத்தகைய சோதனைக்குச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற மையம். சுழற்பந்தின் சுழற்சி வேகத்தை அளக்கப் பந்தின்மேலேயே இந்தப் பொருளை ஒட்டி ஆய்வாளர்கள் வீசச் செய்வதும் உண்டு.

கேள்வி: மாலையில் பிள்ளைகள் அடிக்கும் டென்னிஸ் பந்து தேயிலைப் புதருக்குள் போனால் டார்ச்சுடன் தேட வேண்டியிருக்கிறது. பந்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் இதற்காவது உதவுமா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: மிக நன்றாக உதவும், ஏனெனில் இங்கே விளக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் பாதிப் பலன் போய்விடும். ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள பந்துக்கு, கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் கீழே இருக்கும் டார்ச் எட்டு டிகிரி விலகியிருக்கிறது. அதையே நெற்றிப் பொட்டின் பக்கத்தில், கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரில் பிடித்தால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான். தலையில் கட்டும் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

பந்தின் ரோமத்துணியில் சாதாரண ஸ்டிக்கர் நிற்காது. துணியாலான பிரதிபலிப்புப் பட்டையை விரலளவுத் துண்டுகளாக வெட்டி, ரப்பர் பசையால் ஆறு பக்கங்களில் ஒட்டினால், பந்து எப்படிக் கிடந்தாலும் ஒரு துண்டாவது உங்களை நோக்கியிருக்கும். உங்கள் ஊரின் பனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். கண்ணாடி மணிகள் வெளியே தெரியும் பட்டை நனைந்தால், நீர்ப்படலம் ஒளி குவியும் இடத்தை மாற்றிவிடுவதால் மினுமினுப்பு போய்விடும். மேலே பிளாஸ்டிக் படலம் மூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். இருட்டில் தானே ஒளிரும் பந்துகளும் கடைகளில் கிடைக்கின்றன. வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் முதல் சில நிமிடங்கள் பிரகாசமாக இருந்து, பிறகு வேகமாக மங்கும் அவை ஆட்டத்துக்கு நல்ல வேடிக்கை; அரை மணி கழித்துத் தேடுவதற்கு நம்ப முடியாது.

பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலமும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆகையால் புதருக்குள் ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் சேர்ந்து மின்னினால், பந்தைக் காலையில் தேடிக்கொள்ளலாம்.