ஊசி வலிக்குமா என்று கேட்கும் பிள்ளையிடம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 22 வயது. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையில் இருக்கிறேன். பாலர் கல்வியில் டிப்ளோமா முடித்து, இங்கேயே ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். என் தம்பிக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து, பினாங்கு பெரிய மருத்துவமனையில் நெடுநாள் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். அப்போது அம்மா அவனோடு வார்டில், நான் பாட்டி வீட்டில். என்ன நடக்கிறது என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் துணையாக இருப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர் எனப் படித்தேன். இங்கிருந்து அதற்கு எப்படித் தயாராவது? வீட்டில் "அதெல்லாம் இங்கே ஏது, நர்ஸுக்குப் படி" என்கிறார்கள். இன்னொன்று, எனக்குச் சீக்கிரம் அழுகை வந்துவிடும். இந்த வேலை எனக்குச் சரிவருமா?

(பெயர் வேண்டாம்)
பிறை

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டில் சொல்வது பாதி உண்மை. அந்தப் பெயரில் நம் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவத் துணைத் தொழில்களுக்காக 2016-இல் வந்த சட்டத்தின் பட்டியலில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் இருக்கிறார், உணவியல் நிபுணர் இருக்கிறார், மருத்துவமனைச் சமூகநல அதிகாரியும் இருக்கிறார். நீங்கள் சொல்லும் தொழில் அதில் இல்லை. ஆனால் அந்த வேலை எல்லா வார்டிலும் இருக்கிறது. கொஞ்சம் நேரம் கிடைத்த தாதியோ, புதிதாக வந்த டாக்டரோ, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மாவோ அதை அரைகுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பல வருடம் கோலாலம்பூரில் குழந்தைகள் வார்டில் 'மிஸ்ஸி'யாக, அதாவது தாதியாக இருந்தவள் நான். அதனால் இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தோஷமான செய்தி. இந்தத் தொழிலை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எம்மா பிளாங்க். வியன்னாவில் மொண்டிசோரி முறையில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரில் ஒரு மருத்துவமனையில் பிள்ளைகளுக்காக இந்த வேலையைத் தொடங்கினார். ஆகவே பாலர் பள்ளியிலிருந்து வருகிறோமே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

பலர் இதைப் பிள்ளைகளோடு விளையாடும் வேலை என்று நினைக்கிறார்கள். தீபாவளிக்கு முதல் வாரம் கேக்கோடும் கேமராவோடும் வார்டுக்கு வருகிற சங்கத்துக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விளையாட்டு உண்டு, ஆனால் அதற்குள் ஒரு காரியம் இருக்கிறது. பிள்ளைக்குப் பிரானுலா, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், போடப் போகிறார்கள் என்று வையுங்கள். அதற்கு முன்பே ஒரு பொம்மையைக் கொடுத்து, ஊசி முனை இல்லாத குழாயையும் பிளாஸ்டரையும் கையில் கொடுத்து, பொம்மைக்குப் போடச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை பொம்மையிடம் என்ன பேசுகிறது என்று கேட்டால் அதன் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். "நீ சேட்டை பண்ணினே, அதான் ஊசி" என்று பொம்மையைத் திட்டும் நாலு வயதுப் பிள்ளையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் நோயைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் வீட்டில் "அழுதா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்று சொல்லியே வளர்க்கிறோம், பிறகு எப்படி?

இந்த வேலைக்கு எதிரி நம் வீட்டுப் பொய்தான் என்பது என் கட்சி. "வலிக்கவே வலிக்காது", "சும்மா பார்க்கத்தான் போறோம்." ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை சீருடையைப் பார்த்தாலே கத்தும். வலிக்குமா என்று கேட்டால், "வலிக்கும், கொஞ்ச நேரந்தான், அம்மா பக்கத்துலயே இருப்பாங்க" என்று சொல்லப் பழக வேண்டும். மரத்துப்போகச் செய்யும் எம்லா களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். அதை ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டும். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட அம்மா மடியில் உட்காரவைத்து, கையை மட்டும் பிடித்தால் போராட்டம் பாதியாகக் குறையும். "ஊசி போடலாமா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? "எந்தக் கையில போடலாம்?" என்று கேளுங்கள்.

எப்போது சொல்வது என்பதும் வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக்காரனிடம் நேற்றே சொன்னால் ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டிருப்பான். பத்து வயதுப் பிள்ளையிடம் கடைசி நிமிடத்தில் சொன்னால் நம்மை மன்னிக்கவே மாட்டாள். பதினைந்து வயதில் கவலை வேறு: முடி கொட்டுவது, நண்பர்கள், உடை மாற்றும்போது திரை. தாத்தா இறந்தபோது "தூங்கிட்டாரு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், அறுவை சிகிச்சைக்கு முன் "உன்னைத் தூங்க வைப்போம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பயத்தைப் போக்குவது பெரும்பாடு. டாக்டர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு புரியும்? அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது.

சரி, படிப்பு. அமெரிக்கச் சான்றிதழுக்கு ஒரு பட்டம், குறிப்பிட்ட துறைகளில் பத்துப் பாடங்கள், சான்றிதழ் பெற்ற ஒருவருக்குக் கீழே 600 மணி நேரப் பயிற்சி, அதன்பின் தேர்வு. இங்கிருந்து அதைச் செய்வது செலவும் சிரமமும் அதிகம். இப்போதே அதைக் கனவாக வைத்துக் கடன் வாங்காதீர்கள். உங்களுக்கு எதிர்க்கரையிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1975-லிருந்து சமூகப்பணிப் படிப்பை நடத்துகிறார்கள். டிப்ளோமாக்காரர்களும் அரசு பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் உங்களுக்குச் சரியான வாசல். தொழில்வழி சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி), தாதியர் படிப்பு, கவுன்சலிங் எல்லாம் நல்ல வழிகள்தான். கவுன்சலிங் என்றால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்தான் தொழில் செய்ய முடியும் என்பதை மறக்காதீர்கள். ஆசிரியர் வேலையை விட மனம் இல்லையென்றால், கல்வி அமைச்சு 2011-இல் தொடங்கிய மருத்துவமனைப் பள்ளித் திட்டம் இருக்கிறது. அதற்கு முறையான ஆசிரியர் பயிற்சி வேண்டும்.

ஏன் சமூகப்பணி என்கிறேன்? வார்டில் குடும்பத்தின் துன்பம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது. கூலிமிலிருந்து தினம் வந்துபோகும் பஸ் காசு, சம்பளமில்லா விடுப்பில் இருக்கும் அப்பா, மாமியார் பேச்சு, வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள். நலத்துறை உதவிக்கு எந்தப் பாரத்தை எங்கே கொடுப்பது என்று தெரிந்தவர் அந்தத் தாய்க்கு ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட உபயோகமானவர். பாட்டி வீட்டில் காத்திருந்த அக்கா என்ன நினைத்திருப்பாள் என்று கேட்பதற்கு யாருக்கும் ஞாபகம் வராது. உங்களுக்கு வரும். ஆனால் ஒன்று: எல்லாப் பையனும் உங்கள் தம்பி இல்லை. உங்கள் கதையைச் சொல்லி "அவனும் பிழைச்சான், உங்க பையனும் பிழைப்பான்" என்று எந்த அம்மாவிடமும் சொல்லாதீர்கள். அந்த வாக்கைக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

அழுகைக்கு வருவோம். நானும் அழுதிருக்கிறேன், தலைமைத் தாதியும் அழுதிருக்கிறார், பெரிய டாக்டர் ஒருவர் மாடிப்படியில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அழுகிற பிள்ளையை அந்த நிமிடமே எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதைத்தான் கவனிப்பேன். அப்படித் தோன்றுகிறவர்கள் பொய் சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் போனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும், கண்ணில் நீர் வந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

அதுவரை பாலர் பள்ளி வேலையை விடாதீர்கள். அங்கேயே ஒரு டாக்டர் பெட்டி செய்யுங்கள். விளையாட்டுச் சாமான் வேண்டாம், நிஜக் கட்டுத்துணி, நிஜ முகக்கவசம், முனை இல்லாத ஊசிக் குழாய். பிள்ளைகள் சொல்வதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தொண்டராக வார்டுக்குப் போக வேண்டுமென்றால் மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுப் போங்கள். பஞ்சு அடைத்த பொம்மை வாங்கிக்கொண்டு புற்றுநோய் வார்டுக்குப் போகாதீர்கள், கிருமி பயத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துடைக்க முடிந்த பிளாஸ்டிக் பொம்மையாக இருக்கட்டும். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடவே கூடாது.

யூ.பி.யூ. விண்ணப்பம் திறந்ததும் உங்கள் டிப்ளோமா மதிப்பெண் விவரத்தை எனக்கு அனுப்புங்கள். நேர்முகத்துக்கு அழைத்தால் "பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
அக்கா