நுகர்வோர் கேள்வி-பதில்: எலும்புப்புரை மருந்து வாங்குவோருக்கு

என் தாயாருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி எழுதித் தந்திருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனத்தின் ஊசிக்கும் இந்திய நிறுவனத்தின் ஊசிக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. மலிவானது போலியா? (வாசகி, மதுரை)

போலியன்று. டெனோசுமாபின் மூல பிராண்டான, ஆம்ஜென் நிறுவனத்தின் புரோலியா 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே அதற்கு இணையான முதல் உயிரியல் மருந்தாக சாண்டோஸின் ஜுபோன்டி 2024 மார்ச்சில் அனுமதிக்கப்பட்டு, காப்புரிமைத் தகராறுகள் தீர்ந்த பின்னர் 2025 ஜூனில்தான் கடைக்கு வந்தது; இந்திய நிறுவனங்களோ அதற்கு முன்பே தங்கள் தயாரிப்புகளை இங்கே விற்கத் தொடங்கிவிட்டன. உயிருள்ள செல்களிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால் மாத்திரையைப் போல அச்சுப் பிரதியாக இராது. ஆனால் பலனிலும் பாதுகாப்பிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லையென்று காட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். பில்லில் பிராண்டு பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். எலும்புப்புரைக்கு உரியது 60 மில்லிகிராம். 120 மில்லிகிராம் ஊசி புற்றுநோயாளிகளுக்கானது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் பெட்டியின் மேல் 60 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பாதி பயன்படுத்திய டெரிபாரடைட் ஊசிப் பேனாவைக் கால் விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (வாசகர், சென்னை)

கூடாது. ஒருவர் குத்திக்கொண்ட பேனா இன்னொருவருக்கு ஆகாது.

ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலத்தை வெளியே வாங்கி வந்தால் ஏற்றமாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதே பிராண்டை வெளிக்கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள். என் ஓய்வூதியத்தில் இது பெரிய தொகை. (ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் இது நெடுநாள் ஆற்றாமை. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேராத மருந்தின் அதிகபட்ச சில்லறை விலையை, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது; ஆனால் முதன்முதலில் என்ன விலை அச்சடிப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம். காப்புரிமை தீர்ந்து பலரும் தயாரிக்கத் தொடங்கும்போது மொத்த விலை சரிகிறது. பெட்டியில் அச்சாகும் விலையோ பல வேளைகளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடையிலுள்ள தொகையில் ஒரு பகுதியை வெளிக்கடைக்காரர் தள்ளுபடியாகத் தருகிறார், மருத்துவமனை மருந்தகம் முழுவதையும் வைத்துக்கொள்கிறது. போட்டி வந்தால் விலை குறையும் என்று பாடம் நடத்துகிறவர்கள், குறைந்த விலை நோயாளியின் கைக்கு வருகிறதா என்று ஒருமுறை பில்லைப் பார்க்க வேண்டும்.

குளிர்பதனம் கெட்டிருக்கலாம் என்று மருத்துவமனை சொல்லக்கூடும். டெனோசுமாப், டெரிபாரடைட் ஆகியவற்றுக்கு அது ஏற்கத்தக்க வாதம், ஏனெனில் அவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அறை வெப்பநிலையில் இருக்கக்கூடிய ஸோலெட்ரோனிக் அமிலத்துக்கு அது பொருந்தாது. மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்குமாறு நோயாளிகள் நெருக்கப்படுவது குறித்த பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே தடை விதிக்காமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எனவே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், ஆனாலும் நீங்கள் கேட்ட கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கும். அதனுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். வெளியே வாங்கினால் 5 மில்லிகிராம் புட்டியா என்று பாருங்கள். 4 மில்லிகிராம் புற்றுநோய்ப் பயன்பாட்டுக்கு உரியது.

கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைத்து, எலும்பு பஞ்சாகிவிட்டது என்று சொல்லி, ஆறு மாதத்துக்கான கால்சியம் பொட்டலத்தை விற்றுவிட்டார்கள். (வாசகர், ஈரோடு)

குதிகால் அல்ட்ராசவுண்டு அளவை மட்டும் வைத்து நோயை உறுதி செய்வதில்லை. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளக்க எடுக்கும் டெக்ஸா ஸ்கேனில், ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் என்ற எண் −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்று பொடி எழுத்தில் இருக்கும். மேடையில் நோய் தீரும் என்று பேசியதற்கும் அந்த வரிக்கும் உள்ள முரண்பாடே உங்கள் புகாரின் உயிர்நாடி. இதே பாணியில் என்னிடம் விற்கப்பட்ட பவளக் கால்சியம் டப்பா, சீல்கூட உடைக்கப்படாமல் காலாவதியாகிக் கிடக்கிறது.

வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை. எந்த நிறுவனத்தினுடையதை வாங்கினாலும் நெஞ்செரிச்சல். காலைக் காப்பியோடு விழுங்கிவிட்டுச் சற்றுப் படுப்பேன். எது நல்ல பிராண்டு? (வாசகர், கோயம்புத்தூர்)

பிராண்டை விடுங்கள், காப்பியை விடுங்கள். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் வெறும் தண்ணீர். அதன்பின் அரை மணி நேரம் சாப்பிடவோ படுக்கவோ கூடாது. இது பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே இருக்கிறது. அப்படியும் எரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனைவிக்கு இரண்டு முறை டெனோசுமாப் போட்டோம். வலி இல்லாததால் நிறுத்தி ஒன்பது மாதமாகிறது. ஆன்லைனில் தள்ளுபடி வரும்போது அடுத்ததை வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே? (வாசகர், திருநெல்வேலி)

சரியில்லை ஐயா. எலும்புப்புரை முறிவு நேரும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸோலெட்ரோனிக் அமிலம் எலும்பிலேயே நெடுநாள் தங்கும், டெனோசுமாப் தங்காது. நிறுத்தினால், சேர்த்த அடர்த்தி வேகமாகக் கரைந்து முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் ஏற்படலாம்; கடைசி ஊசிக்குப் பின் ஏழாவது மாதத்திலேயே அவ்வாறு நேர்ந்ததுண்டு என்று அதன் குறிப்புத்தாள் எச்சரிக்கிறது. நிறுத்துவதானால் வேறொரு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும். இந்த ஊசியின் விலையைக் கேட்பவர்கள் ஓர் ஊசிக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பல ஆண்டுகளுக்கும், அதன்பின் மாற்று மருந்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் முதல் ஊசியையே வாங்க வேண்டும். தள்ளுபடிக்குக் காத்திராமல், கடைசி ஊசி போட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, இந்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.